மத்தியானம் படுத்துப் பார்த்த அறைகள்

முதலில் சோப்பைத்தான் தொட்டுப் பார்ப்பேன். லாட்ஜ் குளியலறையில் முந்தின ஆள் விட்டுப் போன சோப்புத் துண்டு ஒன்று எப்படியும் கிடக்கும். அது ஈரமாக இருந்தால் ஆள் புழங்குகிற அறை. காய்ந்து வெடித்திருந்தால் வெகுநாளாகப் பூட்டிக் கிடக்கும் அறை. லாட்ஜ்காரர் என்ன அளந்தாலும் சரி, நான் சோப்பைத்தான் நம்புவேன்.

போன மாதம் என் தங்கை மகள் நித்யா அபிராமபுரத்து வீட்டுக்கு வந்திருந்தாள். செல்போனில் ஓட்டல் அறை பிடித்துக் கொடுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. "பெரியம்மா, ஸ்டாரும் இல்ல, ரிவ்யூவும் இல்ல. நீங்கல்லாம் எப்படித்தான் ரூம் செலக்ட் பண்ணீங்க?" என்று கேட்டாள். "தொட்டுப் பார்த்து" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் சிரித்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலிருந்து திரும்பும் ஒரு சந்தில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மேல்மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ் இருந்தது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு குடும்பங்கள்தான் வாடிக்கையாளர்கள். காரில் கடலோரமாகவே போய், புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம் எல்லாம் பார்த்துத் திரும்புவார்கள். பெரிய ஓட்டலில் தங்க அவர்களுக்கு மனசும் வராது, கையும் வராது. வாடகை நியாயமாக இருக்க வேண்டும், கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும், கதவுக்கு உருப்படியான தாழ்ப்பாள் வேண்டும். அவ்வளவுதான் கேட்பார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். அந்தச் சாலையில் போய்த் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

தேடிப் பார்க்கிற வேலை எனக்கு. சேர்ந்த புதிதில் டிக்கெட் எழுதினேன், டெலிபோன் எடுத்தேன், ஒரு கோடைக்காலம் முழுக்க டீ வாங்கி வந்தேன். பிறகு ஒருநாள் எங்கள் மானேஜர் சேஷாத்ரி சார், "வசந்தா, நாளைக்கு நீங்க போய் ரூம் பாத்துட்டு வாங்கோ" என்றார். அத்தோடு என் பயிற்சிக் காலம் முடிந்தது.

சேஷாத்ரி சார் மயிலாப்பூர்க்காரர். மாடவீதியைத் தாண்டி அவர் தங்கியதாக யாருக்கும் நினைவில்லை. வெளியில் போனால் தூக்கம் வராது என்பார். ஆனால் ஓர் அறையைப் பற்றி அவர் கேட்கிற கேள்விகளைக் கேட்டால், ஊர் ஊராகத் தங்கி அனுபவப்பட்டவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் திரும்பி வந்ததும் எதிரே உட்கார வைப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"சொல்லுங்கோ."

"ரூம் நல்லா இருக்கு சார்."

"அதைச் சொல்ல நீங்க எதுக்கு? லாட்ஜ்காரனே சொல்லுவானே. வாசல்லேர்ந்து வாங்கோ. கதவைத் திறந்ததும் என்ன வாசனை?"

"பினாயில்."

"பினாயிலுக்கு அடியில?"

இப்படித்தான் போகும். குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்ததா, துரு வந்ததா? கட்டிலில் உட்கார்ந்தால் எந்தக் கால் முனகுகிறது? ஜன்னல் கொக்கி வெளியிலிருந்து தள்ளினால் கழன்றுகொள்ளுமா? சொல்லச் சொல்ல அந்த அறைக்குள் அவர் நடப்பது அவர் முகத்தில் தெரியும். ஒருமுறை மரக்காணம் பக்கத்து லாட்ஜ் ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மூடிய கண்ணோடு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குளியலறையின் வாசல்நிலை தாழ்வானது. நான் அதை இன்னும் சொல்லவே இல்லை.

அவர் வைத்த விதிகளில் முக்கியமானது, அறையை மத்தியானத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது. காலையில் அறை விருந்தாளிக்காக வேஷம் கட்டிக்கொண்டிருக்கும், மத்தியானத்தில்தான் தன் சொந்த முகத்தோடு இருக்கும் என்பார். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்திருக்க வேண்டும். ஆனால் தூங்கிவிடக் கூடாது.

"தூங்கிட்டா என்ன சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தூங்கிட்டா அறை என்ன பண்றதுன்னு உங்களுக்குத் தெரியாம போயிடுமே" என்றார். அவர் வேடிக்கைக்குப் பேசுகிறவர் இல்லை.

என் மாமியாருக்கு இந்த வேலை ஒரே கேலி. "சம்பளம் குடுத்து மத்தியானம் கட்டையைச் சாய்க்கச் சொல்ற ஆபீஸ் இது ஒண்ணுதான்" என்பார். உண்மையில் அது உடம்பைச் சாய்க்கிற வேலையே இல்லை. ஒற்றைப் பெண்ணாகப் போகிறவள் என்பதால் எப்போதும் கதவுப் பக்கத்து ஓரத்தில்தான் படுப்பேன், எழுந்தால் ஒரே எட்டில் வெளியே போய்விடலாம் என்று. ஒரு கண் தாழ்ப்பாளிலேயே இருக்கும். கடலூருக்கு முன்னால் ஒரு லாட்ஜில் உள்ளிருந்து சாவி போட்டுப் பூட்டிவிட்டுப் படுத்திருந்தேன். பூட்டு மெதுவாகத் திரும்பியது. ஒரு கிழவர் உள்ளே வந்தார், கூஜாவை மேஜைமேல் வைத்தார், என்னைத் திரும்பியும் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. விசாரித்தால், அந்த லாட்ஜில் எந்தச் சாவி போட்டாலும் எந்த அறையும் திறக்குமாம். கிழவருக்குக் கண் தெரியாதாம். இப்படியான விஷயங்களை எந்த ஸ்டார் சொல்லும், நித்யா?

கார் ஓட்டிக்கொண்டு வருபவர் ஏழுமலை. அடையாற்றுக் கரைக் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். எதற்கும் அஞ்சாத ஆள், ஆனால் லாட்ஜுக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார். "நான் வண்டியாண்டயே கீறேன்க்கா. யார் யாரோ வந்து தூங்கிட்டுப் போன எடம். நீ பாத்துக்கினு வா" என்பார்.

இனி நான் சொல்ல வந்த லாட்ஜ். உப்பளங்கள் முடிகிற இடத்தில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே தனியாக நின்றது. மாடி வைத்த கட்டடம், எட்டே அறைகள். சாலையை அகலப்படுத்துவதற்காக இரண்டு பக்கமும் ஜல்லி கொட்டிக் கிடந்த சமயம் அது. நாகலிங்கம் என்பவரும் அவர் மனைவி அமிர்தமும் இருந்ததையெல்லாம் போட்டு அதைக் கட்டியிருந்தார்கள். எங்கள் ஆபீசிலிருந்து குடும்பங்கள் வர ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

நான் பார்த்த லாட்ஜ்களிலேயே அவ்வளவு பொறுப்பாக வைத்திருந்த இடம் வேறு கிடையாது. வெயிலில் உலர்த்திய தலையணை, வாளியின் அடிப்பக்கம்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தது. வாடகையோ எங்கள் ஆட்கள் வாயைப் பிளக்கும் அளவுக்குக் குறைவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மாடியில் படியை ஒட்டி இருந்த ஆறாம் நம்பர் அறையை மட்டும் நாகலிங்கம் தாண்டிக்கொண்டு போனார்.

"இதையும் பார்க்கணும்" என்றேன்.

"அது வேணாங்கம்மா. அது வாடகைக்கு விடறதில்லீங்க."

பூட்டிய அறை உள்ள லாட்ஜை சேஷாத்ரி சார் ஏற்றுக்கொள்ள மாட்டார். எட்டு அறை இருந்தால் எட்டும் வேண்டும், ஒன்று பூட்டியிருந்தால் வருகிறவர்கள் அந்த ஒன்றைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் கட்சி. இதைச் சொன்னேன். அமிர்தம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் பார்த்துவிடுங்கள் என்று நாகலிங்கம் மாற்றுச்சாவி கொண்டுவந்து திறந்துவிட்டார். அவர் உள்ளே வரவில்லை.

சோப்பு காய்ந்து வெடித்திருந்தது. வாளியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்ததும் வெகுநேரம் காற்றுதான் சீறியது. ஆக, ஆள் புழங்காத அறை. நடுவே அகலமான கட்டில், வெளுத்த விரிப்பு, ஒரே ஒரு தலையணை. கடலோரத்தில் பூட்டிக் கிடக்கும் அறையில் மெத்தை சில்லென்று பிசுபிசுத்துத்தான் இருக்கும். அந்த ஈரம் எவ்வளவு என்று பார்க்கத்தான் கதவுப் பக்கத்து ஓரத்திலிருந்து சுவர்ப் பக்கம் வரை உள்ளங்கையை ஓட்டுவேன். ஓட்டினேன். எதிர்பார்த்த சில்லிப்பு. கை சுவரோரத்துக்குப் போனதும் நின்றுவிட்டது.

அங்கே மெத்தை சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. காலையில் பிள்ளைகளை எழுப்பிவிட்டுப் படுக்கையைச் சுருட்டும்போது கையில் படுமே, அந்தச் சூடு. ஒரு முதுகின் அகலம் இருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யாரையோ வைத்துக்கொண்டு நம்மிடம் நாடகமாடுகிறார் என்று நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஜன்னல் உள்ளே கொக்கி போட்டு, துருப்பிடித்து இறுகியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படி. சமையல்கட்டு கட்டடத்தின் மறுகோடியில். மறுபடி வந்து கை வைத்தேன். சூடு கொஞ்சம் தணிந்திருந்தது, எழுந்து போனவர் படுக்கை ஆறுகிற மாதிரி.

படுத்துப் பார்க்கவில்லை. எத்தனையோ அறைகள் பார்த்தவள், அந்த ஒன்றில் மட்டும் படுக்கத் துணியவில்லை. வெளியே வந்தால் வாசலில் கையில் காய்கறிப் பையோடு அமிர்தம் நின்றுகொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்தாள். என் வலது கையையே பார்த்தாள்.

"சூடா இருந்துதா?" என்றாள்.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "இருந்துது" என்றேன்.

அப்படியே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். "இத்தினி நாளும் என் கை மட்டும்தாம்மா சொல்லிச்சு. இவரு தொட்டுப் பாக்கவே மாட்டாரு. எனக்குப் பித்துப் புடிச்சிருச்சுன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லிக்கினு இருக்காரு."

அவர்கள் ஒரே மகன் செந்தில் கப்பல் வேலை என்று ஏஜெண்ட் ஒருவன் பேச்சை நம்பி வெளிநாடு போனவன். போன இடத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஏஜெண்டும் ஆளைக் காணோம். ஆறாம் நம்பர்தான் அவன் படுக்கிற அறை. தினமும் மத்தியானம் அமிர்தம் போய் மெத்தையைத் தொட்டுப் பார்ப்பாள். சூடாக இருந்தால் எங்கேயோ படுத்து எழுந்திருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்குக் கணக்கு. வேறு யாராவது அந்தக் கட்டிலில் படுத்தால் அது யார் சூடு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் வாடகைக்கு விடவில்லை.

வண்டியில் ஏறியதும் ஏழுமலை திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னேன். அன்று அடையாறு வரும்வரை பாட்டே இல்லை. வழக்கமாகப் பாடிக்கொண்டே ஓட்டுகிறவர்.

சேஷாத்ரி சார் கண்ணை மூடிக் கேட்டார். நான் ஏழு அறைகளைச் சொல்லிவிட்டு ஆறாம் நம்பர் பூட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நான் எதையோ விழுங்குகிறேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? "அப்படின்னா இப்போதைக்கு வேண்டாம். தொறந்தா பாக்கலாம்" என்றார். அவ்வளவு நல்ல இடத்தை இழக்கிறோமே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த இரண்டு பேரை நினைத்தால் அதைவிட எரிச்சல்.

மழைக்காலம் முடிந்த சமயம் நாகலிங்கம் ஆபீசுக்கே வந்துவிட்டார். பஸ் பிடித்து வந்த களைப்பு. அமிர்தம் படியில் தவறி விழுந்து இடுப்பில் அடி, மாடி ஏற முடியவில்லை. மெத்தையைத் தொட்டுப் பார்க்க முடியாமல் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். சொந்தக்காரர்கள் வேறு நெருக்குகிறார்கள். பிள்ளைக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்து முடித்துவிட்டால் வீட்டுக்கு ஒரு விடிவு வரும் என்கிறார்கள்.

"நான் தொட்டுப் பாத்துச் சொல்றேன்னா அவ ஒத்துக்க மாட்டேங்கறாம்மா. நீங்க வந்து சொல்லணுமாம். ரூமைப் பத்தி நீங்க பொய் சொல்ல மாட்டீங்களாம். ஜில்லுனு இருக்குன்னு நீங்க சொல்லிட்டா காரியம் பண்ண சம்மதிக்கிறா. அந்த ரூமையும் தொறந்து விட்டுடறோம்" என்றார்.

சேஷாத்ரி சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. "போயிட்டு வாங்கோ வசந்தா" என்றார்.

வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. ஒரு பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதை என் உள்ளங்கை சொல்ல வேண்டும். இது எந்த ஆபீசில் எழுதிய வேலை? கீழே கட்டிலில் கிடந்த அமிர்தம் பாதியாக இளைத்திருந்தாள். தன் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். "இருக்கறதைச் சொல்லும்மா. எனக்காக எதுவும் சொல்லாத" என்றாள்.

மாடியில் வெயில் கொளுத்தியது. அறைக்குள் நுழைந்ததும் பினாயிலும் இல்லை, வேறு எந்த வாசனையும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெத்தையில் கையை ஓட்டினேன். கதவோரம் சில்லென்றிருந்தது. நடுவிலும் சில்லென்றிருந்தது. சுவரோரத்துக்குக் கையைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் வர வெகுநேரம் ஆயிற்று. அங்கேயும் சில்லிப்புதான். மழைக்கால ஈரம் விரலில் ஒட்டியது. முழங்கையை வைத்துப் பார்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கீழே போய்ச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. சூடாக இருக்கிறது என்று சொல்லவும் வாய் வராது. அறையைப் பற்றிப் பொய் சொல்லாத வாய் என்பதில்தான் என் பிழைப்பே ஓடியது. அழுகையாக வந்தது. ஓர் அறைக்குள் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, மின்விசிறியைப் போடாமல், வழக்கம் போலக் கதவுப் பக்கத்து ஓரத்தில் படுத்தேன். என் உடம்புச் சூடாவது அந்த மெத்தையில் கொஞ்சம் ஏறட்டும் என்று ஓர் எண்ணம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தூங்கிவிட்டேன். அத்தனை வருஷ வேலையில் அந்த ஒரே ஒருநாள். கடல் சத்தம்கூடக் கேட்காத தூக்கம்.

படியில் ஆள் ஏறும் சத்தத்தில்தான் விழித்தேன். "பாத்து நைனா, அந்தக் கையைப் புடி, சாயுது சாயுது" என்று ஏழுமலையின் குரல். நான் வராததைக் கண்டு அமிர்தம் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். நாற்காலியில் அவளை வைத்து, நாகலிங்கமும், லாட்ஜுக்குள் காலே வைக்காத ஏழுமலையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் எழுந்து நிற்பதற்குள் கதவு திறந்தது.

அமிர்தம் மெத்தையைப் பார்த்தாள். கதவோரத்தில் விரிப்பு கசங்கி நான் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது.

"நீ படுத்தியாம்மா?"

"ஆமாம்மா."

அவள் கோபப்படவில்லை. "அந்தப் பக்கம் அவன் படுக்க மாட்டான். சின்னதுல ஒருதரம் உருண்டு விழுந்து மண்டையை ஒடச்சிக்கிட்டான். அதுலேர்ந்து சுவரோரம்தான்" என்றாள். நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். ஆண்கள் இருவரும் வாசலிலேயே நின்றுவிட, நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சுவரோரத்தில் கையை நீட்டி வைத்தாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

அமிர்தம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் கையை இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சூடாக இருந்தது. போன தடவையைவிடச் சூடு. ஒரு முதுகின் அகலம், தலையணையிலும் ஒரு தலையின் பள்ளம். நான் படுத்த பக்கத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழத்துக்கு விரிப்பு மடிப்புக் கலையாமல் சில்லென்று கிடந்தது.

"நீங்களும் தொட்டுப் பாருங்க" என்றாள் அமிர்தம் கணவரைப் பார்த்து. மகன் போனதிலிருந்து அந்த அறைக்குள் காலே வைக்காத மனிதர் வந்து, கையை வைத்தார். எடுக்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து மெத்தை விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். "காரியம் வேணாம் அமிர்தம்" என்றார். ஏழுமலை மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நின்று, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவன் பிறகு வந்தானா என்று நித்யா கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை. அந்தக் கட்டிலில் வேறு யாரும் படுக்கவும் இல்லை.

லாட்ஜிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் ஆபீஸ் போனேன். சேஷாத்ரி சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வாசலிலிருந்து ஆரம்பித்து ஏழு அறைகளையும் வரிசையாகச் சொன்னேன். எந்தக் கேள்வியும் கேட்காமல் கூடவே நடந்து வந்தார்.

"அந்த ஆறாம் நம்பர்?" என்றார் கடைசியாக.

"அதுல ஆள் இருக்கு சார்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து, டெலிபோன் எடுக்கும் பெண்ணிடம் போய், அந்த லாட்ஜில் இனிமேல் நம்மவர்களுக்கு ஏழு அறைகள் பிடிக்கலாம் என்று சொன்னார்.